இடம் பார்க்கப் போன ஞாயிறுகள்

வீட்டுக்காரர் புண்ணியத்தில் சில நாளாக என் சமையலறையில் அலமாரி வேலை நடக்கிறது. கோச்சடையில் இந்த வாடகை வீட்டுக்கு வந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். கரையான் ஒரு பக்கக் கதவை முழுதாகத் தின்று முடித்த பிறகுதான் மனிதர் மனம் இரங்கினார். ஆசாரி வெளியே மாடிப்படியில் வைத்துத்தான் பலகை அறுக்கிறார். ஆனாலும் பிளைவுட் தூள் வாசனை சொன்ன பேச்சுக் கேட்காது. கதவிடுக்கில் நுழைந்து சோற்றுப் பானை வரைக்கும் வந்துவிடும். பசையும் மரத்தூளும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் காபியைக் கீழே வைத்துவிட்டேன். பிளைவுட் அறுத்தால் எனக்கு வீட்டுக்குள் இருப்புக்கொள்ளாது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு துணிக்கடையின் மாடியில் ஒரு பிரௌசிங் சென்டர் இருந்தது. நான் அப்போது ஒரு மிஷன் பள்ளி அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த கிளார்க். வில்லாபுரத்தில் அம்மாவோடு ஒற்றை அறை வாசம். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பாடகர் குழுவில் டெனர் குரல். சாயங்காலமானால் கால் தானாக அந்த மாடிக்கு ஏறும். ஆளுயரப் பிளைவுட் தடுப்புகள், உள்ளே தாழ்ப்பாள், எலுமிச்சை ஸ்பிரேயும் நமக்கு முந்தின ஆளின் வியர்வையும் கலந்த ஒரு நாற்றம். மதுரையில் ஒருவன் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார அதைவிட்டால் வேறு இடம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கழிப்பறையைச் சொல்வீர்கள். வில்லாபுரத்தில் அதுவும் பொது.

அங்கே உட்கார்ந்துதான் அந்தத் தளத்தைக் கண்டுபிடித்தேன். ஆணை விரும்பும் ஆண்களுக்கானது. எந்த நாட்டுக்காரன் நடத்தினானோ தெரியாது. பாதி படங்கள். பதினெட்டு வயது நிரம்பியவரா என்று கேட்கும், ஆம் என்றால் உள்ளே விடும். மறுபாதி ஊர் வாரியாக அரட்டை அறைகள். மதுரைக்கும் ஒன்று இருந்தது. பொய் சொல்வானேன், நான் முதலில் போனது படத்துக்குத்தான். ஆனால் அன்றைய வேகத்தில் படம் தலையிலிருந்து கீழ்நோக்கி மெல்ல மெல்ல இறங்கும். கழுத்தைத் தாண்டுவதற்குள் கரண்ட் போய்விடும். தமிழ்நாட்டில் அந்தக் காலத்து ஒழுக்கத்தைக் காப்பாற்றியதில் மின்வெட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. எழுத்து என்றால் சட்டென்று வந்துவிடும். அப்படித்தான் நான் பேச்சுப் பக்கம் ஒதுங்கினேன்.

அந்த அறையில் யாருக்கும் பெயர் கிடையாது. ஊர்தான் பெயர். அதுவும் சொந்த ஊரைப் போடக் கூடாது, பக்கத்து ஊரைப் போட வேண்டும் என்பது எழுதாத விதி. வில்லாபுரத்தில் இருந்த நான் ‘அவனியாபுரம்’ ஆனேன். ஒருவன் ‘திருமங்கலம்’. இன்னொருவன் ‘மேலூர்’. இதெல்லாம் அந்தச் சட்டப்பிரிவுக்குப் பயந்து செய்தது. இரண்டு ஆண்கள் மனம் ஒத்து, பூட்டிய அறைக்குள் இருந்தாலும் குற்றம் என்று சொன்ன வெள்ளைக்காரன் காலத்துப் பிரிவு. டில்லியில் ஒரு நீதிமன்றம் அது இனி எங்கள்மேல் பாயாது என்று சொல்லியிருந்ததுதான். ஆனால் அந்தச் சேதி மதுரைக்கு வந்து சேர்ந்ததா என்று எங்களில் யாருக்கும் நிச்சயம் இல்லை. மேலூர்தான் ஒருநாள் எழுதினான்: “தீர்ப்பு டெல்லியில இருக்கு. லத்தி இங்கனதான இருக்கு.”

அறையில் எல்லாப் பேச்சும் ஒரே கேள்வியில் போய் நிற்கும். “இடம் இருக்கா?” சந்திக்கத் தனியாக ஓர் அறை, ஒரு வீடு, யாரும் இல்லாத ஒரு மத்தியானம் உண்டா என்று அர்த்தம். பதிலும் எப்போதும் ஒன்றுதான். “இடம் இல்ல.” மதுரையில் அம்புட்டுப் பேரும் அம்மாவோடும் தம்பியோடும் வாடகை வீட்டில் இருந்தோம்.

அப்போதுதான் புது விதி வந்தது. பிரௌசிங் சென்டரில் தாழ்ப்பாள் கூடாது, தடுப்பு உட்கார்ந்த ஆளின் தலை தெரியும் உயரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, திரை பொதுவழியைப் பார்த்து இருக்க வேண்டும், வருகிறவன் அடையாள அட்டை காட்ட வேண்டும். ஒரு சாயங்காலம் நான் ஏறிப் போகிறேன், ஆசாரி ஒருவர் தடுப்புகளை வரிசையாக அறுத்துத் தள்ளிக்கொண்டிருக்கிறார். கடையெல்லாம் மரத்தூள். குட்டைத் தடுப்புகளுக்கு மேலே எங்கள் தலைகள் மட்டும் தெரிந்தன. பக்கத்துத் தலையை யாரும் பார்க்கவில்லை. அன்றைக்கு மூக்கில் ஏறிய வாசனைதான் இது.

படத்தை நான் அன்றோடு விட்டுவிட்டேன். அரட்டையை விட முடியவில்லை. மேலூரோடு பேசாமல் எனக்குச் சோறு இறங்காது என்கிற கட்டத்துக்கு வந்திருந்தேன். ஒருநாள் அவனோடு தட்டிக்கொண்டிருக்கும்போது கடைக்கார அண்ணன் பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. மனிதர் திரையை வாய்விட்டுப் படித்தார். “மேலூர்... இடம் இருக்கா...” எனக்கு உயிர் நின்றுவிட்டது. அண்ணன் முகம் மலர்ந்தது.

“மேலூர்ப் பக்கம் இடம் பாக்குறீகளா தம்பி? சொல்லவே இல்ல! நம்ம மச்சான் பிளாட் போட்டுருக்காருல்ல!”

அன்றிலிருந்து அந்தக் கடையில் நான் நிலம் வாங்கப்போகிறவன். அண்ணன் நோட்டீஸ் நோட்டீஸாகக் கொண்டுவந்து கொடுப்பார். ஊரைச் சுற்றி வயல்களையெல்லாம் மட்டமாக்கி மஞ்சள் கல் நட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஞாயிறுதோறும் சைட் பார்க்க இலவச வேன், மதியச் சாப்பாடும் உண்டு என்று போட்டிருக்கும். இதை மேலூரிடம் சொல்லிச் சிரித்தேன். அவன் சிரித்ததாகத் தெரியவில்லை. திருப்பி எழுதினான்: “அப்ப நெசமாவே இடம் பாக்கப் போவமா?”

போனோம். மாட்டுத்தாவணியில் அந்த வேன் பக்கத்தில்தான் அவனை முதன்முதலாகப் பார்த்தேன். ஒல்லியாக, இஸ்திரி மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டை, பையில் பேனா. அரசாங்க அலுவலகம் ஒன்றில் வேலை. எது என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவன் அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்டவர். “எங்க சனத்துல மொதல்ல ஆபீஸ் நாற்காலில உக்காந்தது நாந்தேன்” என்றான். சொல்லும்போது பெருமையாகவும் இருந்தான், பயந்தும் இருந்தான். தொலைபேசி எண் தரமாட்டான். போன் சாட்சி சொல்லும் என்பான். அடுத்த ஞாயிறு எந்த வேன் என்பதை அரட்டை அறையில்தான் பேசி வைத்துக்கொள்வோம்.

இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போவதற்கு அந்த வேனைப் போலப் பாதுகாப்பான வண்டி வேறு எது? முன்னால் ஒரு வாத்தியார் குடும்பம், பின்னால் துபாய்க்காரரின் மாமனார், நடுவில் நாங்கள். பொட்டல் வெயிலில் இறக்கிவிடுவார்கள். எல்லாரும் சாம்பார் சாதப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, இவன் மட்டும் கல்லுக்குக் கல் நடந்து, “கெழக்கு வாசலா? தண்ணி எத்தன அடில?” என்று விற்பவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவான். பிறகு என்னைக் கூப்பிட்டு மெதுவாகச் சொல்வான். “இங்கன அடுப்படி. அங்கன நீ உக்காந்து பாட்டுப் பழகிக்க.” எனக்கு வெட்கமாக இருக்கும். சந்தோஷமாகவும் இருக்கும். இனி அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வராது.

ஆலயத்துக்கு வராமல் அப்படி என்ன நிலம் என்று அம்மா கேட்டார்கள். பிறகு அவர்களே சமாதானமாகி, “நெலம் இருந்தாத்தான் பொண்ணு குடுக்குறவுக நம்புவாக” என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன்.

நிலம் வாங்க எங்களுக்கு ஏது வக்கு? ஆனால் வாடகைக்கு ஒரு வீடு பிடிக்கலாம் என்று பேச்சு வளர்ந்தது. அவன் மதுரைக்கு மாறுதல் கேட்டு எழுதிக்கொடுத்தான். ஒரே ஆபீஸ்காரர்கள் என்று சொல்லிக்கொள்ளலாம், இரண்டு பிரம்மச்சாரிகள், யார் கேட்கப்போகிறார்கள்? விசாரித்து ஒரு வீடும் பார்த்துவிட்டோம். முன்பணம் கொடுக்கப் போகிற வாரத்தில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. டில்லி நீதிமன்றம் சொன்னது செல்லாது, பழைய பிரிவு பழையபடியே இருக்கும் என்றது.

அந்த ஞாயிறு அவன் பிளாட்டில் கல்லுக்குக் கல் நடக்கவில்லை. “ஒரு கேஸுன்னு பேரு வந்தாப் போதும், சஸ்பெண்டு. எங்க அப்பா வரப்புல நின்னு கும்புடு போட்டவரு. இப்ப அவரப் பாத்து எந்திரிக்கிறாக. அத நான் கெடுத்துரக் கூடாதுய்யா” என்றான். கொஞ்சம் பொறுப்போம் என்றான். நானும் சரி என்றேன்.

அவன் பயந்தது வீண் பயமும் இல்லை. அடுத்த சில மாதத்தில் அறையில் புதிதாக ஒருவன் வந்து ‘இடம் இருக்கு’ என்றான். யாரும் சொல்லாத வார்த்தையை ஒருவன் சொன்னால் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். திருமங்கலம் நம்பிப் போனான். உள்ளே இரண்டு பேர், போலீஸ் என்று சொல்லிக்கொண்டார்கள். மெய்யோ பொய்யோ, யார் போய் விசாரிப்பது? கேஸ் போடுவோம், வீட்டுக்குச் சொல்வோம் என்று மிரட்டிச் சங்கிலி, போன் எல்லாம் பிடுங்கிக்கொண்டு அடித்தும் அனுப்பினார்கள். புகார் கொடுக்கப் போனால் அவன்தான் குற்றவாளி. ஒரு வாரம் அறையில் அழுதான். அப்புறம் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு வந்த ஒரு வேன் பயணத்தில் மேலூரிடம் பெயரைக் கேட்டேன். இவ்வளவு பழகியும் பெயர் தெரியாமல் இருப்பது எனக்கு அவமானமாக இருந்தது. அவன் சாதப் பொட்டலத்தை மடித்துக்கொண்டே சொன்னான்.

“மாட்டுனா ஒன்னைய அடிச்சுக் கேப்பாக. தெரிஞ்சாத்தான சொல்லுவ? தெரியாமயே இரு.”

அதுதான் கடைசி வேன் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. அடுத்த வாரம் பிரௌசிங் சென்டரில் முகவரியைத் தட்டினால், அரசு உத்தரவுப்படி இந்தப் பக்கம் தடை செய்யப்பட்டிருக்கிறது என்று இரண்டு வரி ஆங்கிலம் வந்தது. ஆபாசத் தளங்கள் என்று ஒரு நீளமான பட்டியலைப் போட்டு மொத்தமாக மூடியிருந்தார்கள். எங்கள் தளத்தின் படப் பாதிக்காக அரட்டைப் பாதியும் சேர்ந்து போனது. அண்ணன் எட்டிப் பார்த்தார். “என்னா தம்பி, பிளாட்டு சைட்டு தொறக்கலையா? சர்வரு கிர்வரு படுத்துருக்கும். நாளைக்கு வாங்க.”

நாளைக்கும் வந்தேன். மறுநாளும் வந்தேன். தொலைக்காட்சியில் ஒரு கட்சிக்காரர் பண்பாடு என்றார், எதிரே இருந்தவர் வீட்டுக்குள் ஒருவன் என்ன பார்த்தால் உனக்கென்ன என்று கத்தினார். படத்தைப் பற்றித்தான் சண்டை. அந்தப் படங்களுக்கு அடுத்த அறையில் சில மனிதர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. பெரிய தளங்கள் வேறு வேறு பெயரில் திரும்பி வந்தன. எங்களுடையது வரவில்லை. திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டர் அலுவலகத்துக்குப் போய், ஐயா, ஆபாசத் தளம் ஒன்றைத் திறந்துவிடுங்கள், உள்ளே எனக்கு வேண்டியவர் ஒருவர் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று எழுதிக்கொடுக்கவா முடியும்? பின்னால் ஜல்லிக்கட்டுக்காக ஊரே தெருவில் உட்கார்ந்தது. நானும் போய் உட்கார்ந்தேன். சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். காளைக்குக் கேட்க ஆள் இருந்தது.

ஞாயிறுதோறும் கண்ணில் பட்ட வேனிலெல்லாம் தனியாக ஏறிப் போனேன். அவன் வரவில்லை. பயந்து ஒதுங்கிவிட்டானா, இல்லை, அவனும் வேறு வேனில் என்னைத் தேடிக்கொண்டிருந்தானா, தெரியாது. பிறகு ஒரு கிறுக்குத்தனம் செய்தேன். மேலூருக்கே போனேன். பேருந்து நிலையத்தில் இறங்கி நின்ற பிறகுதான் புத்தியில் உறைத்தது. மேலூரில் போய் மேலூர் யார் என்று கேட்டால் எல்லாரும்தானே திரும்பிப் பார்ப்பார்கள்? அதிலும் பக்கத்து ஊரைப் போட வேண்டும் என்ற விதியை நானே மறந்துபோய் வந்திருந்தேன்.

எங்கள் பக்கம் ஒரு மனிதனின் முகம் எப்படியும் ஒருநாள் ஃபிளெக்ஸில் ஏறிவிடும். காதுகுத்து, கல்யாணம், பூப்புனித விழா, எதிலாவது மாமன் வரிசையில் ஓரமாகவாவது நிற்பான். அந்த நம்பிக்கையில் வருஷக்கணக்கில் பஸ் ஜன்னல் வழியே ஃபிளெக்ஸ் பார்த்தேன். இடையில் அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றமே எடுத்துவிட்டது. சென்னையில் இனிப்புக் கொடுத்துக்கொண்டார்கள். நான் பள்ளி அலுவலகத்தில் மாற்றுச் சான்றிதழ் எழுதிக்கொண்டு, இனி அவன் தன் பெயரை என்னிடம் சொல்லலாமே என்று நினைத்தேன். இப்போது போனிலேயே செயலிகள் இருக்கின்றன, முகமும் பெயருமாக. அதிலும் ஒன்று, எல்லையில் சண்டை வந்தபோது சீனாக்காரனுடையது என்று ஒரே நாளில் தடையாகிப் போனது. எத்தனை பேர் எத்தனை பேரைத் தொலைத்தார்களோ.

போன தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால், பள்ளி வேலையாகத் திருச்சிப் பக்கம் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். மேலூருக்கு ஓர் ஊர் முந்தி, ஊர்ப் பாதை பிரியும் விலக்கில் பஸ் நின்றது. டீக்கடை ஓரம் ஃபிளெக்ஸ். கண்ணீர் அஞ்சலி. முழுக்கைச் சட்டை, பையில் பேனா. காதோரம் நரைத்திருந்தது. கீழே பெரிய எழுத்தில் பெயர்.

இறங்கிவிட்டேன். டீக்கடைக்காரரிடம் என்ன ஆச்சு என்று கேட்டேன். “நெஞ்சுவலின்னாக. ஆபீசுலயே சாஞ்சுட்டாராம். கல்யாணங்காச்சி பண்ணாத மனுசன், நல்ல மனுசன். வயசான அப்பாதேன் இருக்காரு” என்றவர், நான் அங்கேயே நிற்பதைப் பார்த்து, “நீங்க அவுகளுக்கு என்ன வேணும்?” என்றார்.

“பஸ்ல பழக்கம்ணே” என்றேன்.

படம் பிடிக்கப் போனைக் கையில் எடுத்தேன். டீ குடித்துக்கொண்டிருந்த நாலு பேர் பார்த்தார்கள். சட்டம் போயிருந்தது, பயம் போகவில்லை. போனைப் பையில் போட்டுக்கொண்டேன். பத்து நாள் கழித்து மனம் கேட்காமல் மறுபடி போனேன். தேர்தல் அறிவித்திருந்தார்கள். நடத்தை விதி என்று சாலையில் இருந்த ஃபிளெக்ஸ் எல்லாவற்றையும், கட்சி, கல்யாணம், சாவு என்று பார்க்காமல் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். சவுக்குக் கம்பு இரண்டு மட்டும் நின்றன.

பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவன் அப்பா இன்னும் இருக்கிறார். வீட்டில் தனியாக இருக்கும்போது ஒருமுறை சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன். யாரோ முன்பின் தெரியாத ஒருவரைக் கூப்பிட்ட மாதிரி இருந்தது.