வாலில்லாத மீன் காசு

தோழிகளே, இன்று பள்ளிக்கூடம் விட்டு வரும்போது போடி கடைவீதியில், பாத்திரக் கடையில் மாட்டிக்கொண்டேன்.

ராசிங்காபுரம் பக்கம் உழும்போது கிடைத்து, பழைய செம்போடு எடைக்கு வரும் காசுகளைக் கடைக்கார அண்ணாச்சி ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். எதை எடுத்தாலும் இரண்டணா. இன்று கிளறியபோது, தேய்ந்த காசு ஒன்றில் இரட்டை மீன் தெரிந்தது.

"பாண்டியர் காசு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

அண்ணாச்சி அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். "அப்ப ஒரு ரூவா, ஆத்தா."

என்னிடம் எட்டணாதான் இருந்தது.

"ஒரு மீனுக்கு வாலே இல்லையே, அண்ணாச்சி."

"வாலு இல்லாட்டி விட்டுரு. இந்தா, பளபளன்னு ராணித் தலை. ரெண்டணாதான்."

வெள்ளைக்கார ராணியின் தலை போட்ட காசு என்னிடம் ஏற்கெனவே நான்கு இருக்கிறது. மீனைப் புகழ்ந்தால் விலை ஏறுகிறது. குறை சொன்னால் ராணியை நீட்டுகிறார். விட்டுவிட்டுப் போனால் வேறு யாராவது ஒரு ரூபாய் கொடுத்துவிடுவார்கள்.

கடைசியில் அவரே வழி சொன்னார். "எட்டணா குடு. டப்பாவுல இருக்க மிச்சக் காசுல எது எது ஒசத்தின்னு பிரிச்சு வச்சுட்டுப் போ. வெரசா, சோலி கெடக்கு."

பிரித்து வைத்தேன். மீன் இப்போது என் கையில் இருக்கிறது. இனி அந்தக் கடையில் இரண்டணாவுக்கு ராணி மட்டும்தான் கிடைப்பாள்.

நீங்களாக இருந்தால் பிரித்துக் கொடுத்திருப்பீர்களா?