ஆறாவது போல்ட்

நான் கல்லூரியில் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளனாக வேலை பார்க்கிறேன். எந்தக் கருவி எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். பேய், ஆவி, செய்வினை என்று யாராவது பேச்செடுத்தால், வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்து போய்விடுகிற ஆள் நான். நான் இனிச் சொல்வதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்கு வருத்தமில்லை, உங்கள் இடத்தில் நான் இருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் அன்று நடந்ததை அன்று இரவே டைரியில் எழுதிவைத்தேன், எழுதியதில் இன்றுவரை ஒரு வார்த்தையையும் நான் மாற்றவில்லை.

தென்காசியில் எங்கள் வீடும் அக்கா வீடும் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கின்றன. அத்தான் புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருந்தவர். அந்தப் பெரிய வண்டி அவர் ஆசைப்பட்டு வாங்கியது. பின் சீட்டு இரண்டு வரிசையையும் மடக்கினால் ஒரு ஆள் மெத்தை போட்டுப் படுத்துக்கொள்ளலாம். அதில் என்ன கோளாறு வந்தாலும் நாங்கள் இருவருமே ஷெட்டில் பார்த்துவிடுவோம், நான் அடியில் படுப்பேன், அவர் முன்னால் நிற்பார். நான் எல்லாவற்றையும் வரிசையாக வைப்பவன், அவர் எல்லாவற்றையும் தொலைப்பவர். "மாப்ளே, ஸ்பேனர் எங்கயும் போவாது, வண்டிக்குள்ளதான் கெடக்கும்" என்பார். அப்படித்தான் கிடக்கும்.

போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுவதும் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது, உட்கார வைத்தால் சரிந்துவிடுவார். இடது கை மட்டும் நன்றாக இருந்தது. அந்தக் கையில் கிடக்கும் மோதிரத்தால் இரும்புக் கட்டிலின் சட்டத்தில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் வேண்டாம். இதை அவரேதான் ஏற்படுத்திக்கொண்டார், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும் அக்கா அவரிடம், "அருவிக்குப் போவமா?" என்று விளையாட்டாகத்தான் கேட்டாள். அவர் ஒரு தட்டு தட்டினார். அவள் நம்பாமல் மறுபடியும் கேட்டாள், மறுபடியும் ஒரு தட்டு. அந்த வாரம்தான் டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு முறை வந்தால் தாங்கமாட்டார், கேட்பதைச் செய்துகொடுங்கள் என்று சொல்லியிருந்தார்.

அவரைப் படுக்கவைத்துக் கூட்டிப்போக அந்த வண்டிதான் தோது. அந்த வண்டியோ இன்ஜின் செத்து ஷெட்டில் நின்றது. அவருக்குத் தேய்ப்பதற்கு எண்ணெய் வாங்க நான் மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டுத் திரும்பும்போது, ஒரு வளைவில் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து மொத்தத் தண்ணீரும் கொட்டிப்போனது. நான் ஓரங்கட்டுவதற்குள் உள்ளே எல்லாம் இறுகிவிட்டது, இன்ஜின் பிளாக்கே விரிசல் விட்டிருந்தது.

"ஆம்புலன்ஸ் பிடிப்போம்லே, கூட்டத்துல வழியாவது விடுவான்" என்றாள் அக்கா. கட்டிலில் உடனே இரண்டு தட்டு விழுந்தது. அதற்கு மேல் யாரும் ஆம்புலன்ஸ் பேச்சை எடுக்கவில்லை.

சீசன் நேரத்தில் ஊரில் எந்தப் பட்டறையிலும் இடமில்லை. இன்ஜின் மாற்றுவதென்றால் சீசன் முடியட்டும் என்றார்கள். சீசன் முடிந்தால் அருவியில் ஏது தண்ணீர்? கடைசியில் மெக்கானிக் முகைதீன் வீட்டுக்கே வந்து செய்துதருவதாக ஒப்புக்கொண்டார். ஷார்ஜாவில் இந்த மாதிரிப் பெரிய வண்டிகளாகவே பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். விபத்தில் நொறுங்கிய வேறொரு வண்டியின் இன்ஜினை மதுரையிலிருந்து வரவழைத்தோம். எங்கள் ஷெட்டுக்கு இரும்பு உத்தரம் உண்டு, அதில் செயின் பிளாக் என்கிற சங்கிலிக் கப்பியைத் தொங்கவிட்டுப் பழைய இன்ஜினை வெளியே தூக்கினோம். கழற்றிய போல்டுகளைத் தயிர் டப்பாக்களில் போட்டு நான் பெயர் எழுதி ஒட்டி வரிசையாக அடுக்கியதைப் பார்த்துவிட்டு முகைதீன், "அண்ணாச்சி, இது இன்ஜின் வேலையா, பொண்ணு வீட்டுச் சீர்வரிசையா?" என்றார். கட்டிலில் ஒரு தட்டு கேட்டது. அத்தானின் கட்டில் ஜன்னலோரம், ஜன்னல் ஷெட்டைப் பார்த்தது. அவர் அத்தனையையும் கவனித்துக்கொண்டுதான் கிடந்தார்.

இனி நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் ஒரு வேலையைப் பற்றி விளக்கிவிடுகிறேன், இல்லாவிட்டால் புரியாது. அது ஆட்டோமேட்டிக் கியர் வண்டி. கியர் பாக்ஸின் வாயில் கன்வெர்ட்டர் என்று ஒரு பெரிய உருளை இருக்கும். இன்ஜினின் பின்பக்கத் தகட்டோடு அதை ஆறு போல்ட் போட்டு இணைக்கவேண்டும். அடியில் இருக்கிற சின்னத் திறப்பு வழியாக ஒரு நேரத்தில் ஒரு போல்டின் ஓட்டைதான் தெரியும். ஒன்றை முடுக்கியபின் இன்னொரு ஆள் முன்னால் நின்று, இன்ஜின் முகப்பில் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியில் இருக்கும் பெரிய போல்டில் சாக்கெட் கோத்த நீளக் கம்பியை மாட்டி இன்ஜினைக் கையால் கொஞ்சம் சுற்றித்தரவேண்டும், அப்போதுதான் அடுத்த ஓட்டை கண்ணுக்கு வரும். டீசல் இன்ஜின் இலகுவில் சுற்றாது, நல்ல பலம் கொடுக்கவேண்டும். அடியில் படுத்திருப்பவனால் அது ஆகாது. இரண்டு பேர் வேண்டும்.

புது இன்ஜினை இறக்கிக் கியர் பாக்ஸோடு சேர்த்துச் சுற்றுப் போல்டுகளை முடுக்கியபோது சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். "தொழுதுட்டு வந்திருதேன் அண்ணாச்சி, கன்வெர்ட்டர் போல்டை வந்து போடுவோம்" என்று கம்பியைப் புல்லியில் மாட்டினபடியே விட்டுவிட்டு முகைதீன் போனார். நான் அதுவரை சும்மா இருப்பானேன் என்று அடியில் படுத்து ஓட்டைகளின் மரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சாரல் வலுத்துத் தகரக் கூரையில் ஒரே இரைச்சல், பக்கத்தில் நின்று பேசினாலும் கேட்காது. பழைய இன்ஜினை வண்டிக்கு முன்னால் தார்ப்பாய் போட்டு மூடிவைத்திருந்தோம். அதனால் முன்னால் யாராவது நின்றால் அவர்கள் காலும் எனக்குத் தெரியாது. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு நானே என்னிடம் கேட்டுக்கொண்ட கேள்விகள் இவை.

கொஞ்ச நேரத்தில் வண்டி லேசாக அசைந்தது, யாரோ முன்னால் சாய்ந்து நின்றதுபோல. "வந்துட்டீங்களா?" என்று கத்தினேன். பதிலுக்கு இரும்பில் டங்கென்று ஒரு தட்டு. முகைதீன் இத்தனை நாளும் அத்தான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதானே டீ குடிக்கிறார், அவருக்கும் தட்டுக் கணக்கு தெரியும், இந்த இரைச்சலில் கத்துவதற்குப் பதில் தட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். நல்ல யோசனைதான் என்றுகூடத் தோன்றியது. முதல் போல்டை முடுக்கினேன். நானும் ஸ்பேனரால் வண்டியின் அடிச் சட்டத்தில் ஒரு தட்டு தட்டினேன்.

இன்ஜின் சுற்றியது. நிதானமாக, ஒரே சீராகச் சுற்றி, அடுத்த ஓட்டை திறப்புக்கு நேரே வரும்போது நான் இரண்டு தட்டு தட்டினேன், நின்றது. இரண்டாவது போல்டைப் போட்டேன், தட்டினேன், சுற்றியது, நிறுத்தச் சொன்னேன், நின்றது. இப்படியே மூன்று, நான்கு, ஐந்து. நம்பினால் நம்புங்கள், அத்தனை வருஷத்தில் யாரோடும் எனக்கு இவ்வளவு ஒழுங்காக அந்த வேலை அமைந்ததில்லை. அத்தானோடு செய்யும்போது மட்டும்தான் இப்படி இருக்கும், மற்ற எல்லாவற்றிலும் கவனமில்லாத மனிதர், இதில் மட்டும் மயிரிழை பிசகமாட்டார். அவர் ஞாபகம் வந்தது உண்மை. பயமெல்லாம் இல்லை. மனசுக்கு இதமாக இருந்தது.

ஆறாவதுக்காகத் தட்டினேன். இன்ஜின் பாதிவரை சுற்றியது, சட்டென்று நின்றது. பிறகு கொஞ்சம் பின்னால் வந்தது. மறுபடி முன்னால் போகப் பார்த்தது, மறுபடி பின்னால் வந்தது. முன்னால் கம்பி தரையில் விழுந்த சத்தம் கேட்டது, கூடவே வீட்டுக்குள்ளிருந்து அக்கா, அந்த இரைச்சலையும் மீறி, "ஏலே, தம்பி, இங்க வாயேன்" என்று கத்தினாள். அவளிடம் அப்படியொரு குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

வெளியே ஊர்ந்து வந்தேன். முன்னால் யாரும் இல்லை. கம்பி தரையில் கிடந்தது, சாக்கெட் மட்டும் புல்லி போல்டிலேயே மாட்டியிருந்தது. முகைதீனின் பைக்கும் இல்லை.

உள்ளே ஓடினேன். அக்கா கட்டிலின் மேல் முழங்காலை ஊன்றி, அத்தானின் வலது கையை, செத்த கை என்று சொல்லிக்கொண்டிருந்தோமே அந்தக் கையை, தன் இரண்டு கையாலும் மெத்தையோடு அமுக்கிப் பிடித்திருந்தாள். அவளுக்கு வியர்த்துக் கொட்டியது.

"தூங்கிக்கிட்டுதாம்லே இருந்தாக. திடீர்னு இந்தக் கை தூக்குது, இழுக்குது, நிக்குது. தூக்குது, இழுக்குது, நிக்குது. நானும் பார்த்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் வலிப்புதான் வருதோன்னு பயந்துபோயி பிடிச்சிட்டேன். என்ன பலம்லே, என்னையே தூக்கிருச்சு."

"எத்தனை தடவை இழுத்துச்சு?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது?

"எண்ணிக்கிட்டா இருந்தேன்? நாலஞ்சு தடவை இருக்கும்."

அவள் கையை எடுத்தாள். அத்தானின் கை மெத்தையில் அப்படியே கிடந்தது. நான் தொட்டுப் பார்த்தேன், எப்போதும்போல் துவண்டிருந்தது. அவர் விழித்திருந்தார்.

முகைதீன் அப்போதுதான் வந்தார், தலையில் தொப்பி, சட்டை நனைந்திருந்தது. மழைக்காகப் பள்ளிவாசலிலேயே நின்றுவிட்டதாகச் சொன்னார். ஷெட்டுக்குப் போய் அடியில் டார்ச் அடித்துப் பார்த்தவர் வெளியே வர நேரமாயிற்று.

"அஞ்சு போட்டிருக்கியளே அண்ணாச்சி. ஆரு சுத்துனா?"

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். பேட்டரி கழற்றிக் கிடந்தது, ஸ்டார்ட்டர் மோட்டார் என் மேஜைமேல் இருந்தது, டீசல் குழாய் இணைக்கவில்லை. தானாகச் சுற்ற வழியே இல்லை. கடைசிச் சுற்றில் முன்னே போய்ப் பின்வாங்கியதற்குக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அடைபட்ட காற்று திருப்பித் தள்ளுவது, காரணமாக இருக்கலாம் என்றார், அது எனக்கும் தெரியும். அதற்கு முந்தைய நான்கு சுற்றுக்கும் அவர் காரணம் எதுவும் சொல்லவில்லை. "ஆறாவதை நாஞ் சுத்துதேன், நீங்க போடுங்க" என்று மட்டும் சொன்னார். போட்டோம். அவரோடு இரண்டு தடவை பிசகி, மூன்றாவது தடவைதான் ஓட்டை நேருக்கு வந்தது.

வேலை முடிந்து கை கழுவிவிட்டு அத்தான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அக்கா அடுப்படியில் இருந்தாள். "அத்தான், நீங்களா சுத்துனிய?" என்று கேட்டேன். இடது கையைத் தூக்கினார், மோதிரம் கட்டில் சட்டத்துக்குப் பக்கத்தில் வந்தது. நான் காத்திருந்தேன். அவர் தட்டவில்லை. கையை மெதுவாகக் கொண்டுபோய்த் தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார்.

வண்டி ஓடியது. கூட்டமில்லாத ஒரு நாளாகப் பார்த்து, விடிந்தும் விடியாமலும் பழைய குற்றாலத்துக்குக் கூட்டிப்போனோம். அருவி தெரிகிற இடமாக வண்டியைப் பின்பக்கம் திருப்பி நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டேன். சாரலும் அருவியின் தூவானமும் கலந்து மெத்தைவரை அடித்தது. அக்கா துண்டை அருவியில் நனைத்து வந்து அவர் தலையில் பிழிந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு வண்டியின் தகட்டில் தட்டினார், ஒரு தட்டு, விட்டு ஒரு தட்டு, விட்டு ஒரு தட்டு. "போதுமா?" என்று அவள் கேட்டபோது இரண்டு தட்டு.

திரும்பும் வழியில் அவர் தூங்கிவிட்டார். மேலகரம் தாண்டிவிட்டோம். அக்கா என் தோளுக்குப் பின்னாலிருந்து, தாழ்ந்த குரலில், "ஏலே, அன்னைக்கு நான் அந்தக் கையப் பிடிச்சிருக்கப்படாதோ?" என்றாள்.

அடுத்த நாளே அதை டாக்டரிடம் கேட்டோம். இப்படித் தூக்கத்தில் சில நேரம் அசையும், அதற்கும் குணமாவதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டார். அது சரியாகத்தான் இருக்கும். அக்கா கேட்டுக்கொண்டாள், தலையாட்டினாள். ஆனால் அன்றிலிருந்து அவள் அந்த வலது கையைப் போர்வைக்குள் வைப்பதில்லை. தலையணை போட்டு அதன்மேல் வெளியே வைத்திருக்கிறாள். அஸர் பாங்கு கேட்டால் செய்கிற வேலையை விட்டுவிட்டு வந்து அதைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறாள். அது அசையவில்லை. அத்தான் இருக்கிறார், அப்படியேதான் இருக்கிறார்.

என் ஷெட்டில் ஒரு மரப்பலகை உண்டு, ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தைப் பென்சிலால் வரைந்து ஆணி அடித்திருக்கிறேன். அதில் அந்த நீளக் கம்பியின் இடம் மட்டும் காலியாக இருக்கிறது. அக்கா கேட்டாள் என்று அதை அத்தானின் வலது பக்கம், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஸ்டூல்மேல் குறுக்காக வைத்திருக்கிறேன். வாரத்துக்கு ஒருமுறை துடைத்து வைக்கிறேன், எப்போதும் கைப்பிடி சுவர்ப் பக்கம் இருக்கும்படிதான் வைப்பேன். சில வாரங்களில் போய்ப் பார்த்தால் கைப்பிடி கட்டில் பக்கம், அவர் கைக்கு எட்டுகிற மாதிரித் திரும்பியிருக்கிறது. அக்காதான் திருப்பி வைக்கிறாளோ என்னவோ. ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். இதுவரை நான் கேட்கவில்லை.