பஸ்ரியாம்பிள்ளையின் பார்வை

நெடுந்தீவில் பஸ்ரியாம்பிள்ளையைத் தெரியாதவர் கிடையாது. மதில் கட்டுகிறவர். சாந்து வைக்காமல் பூக்கல்லை, அதுதான் பவளப்பாறைக் கல்லை, அடுக்கிக் கட்டும் மதில்; ஒரு கல் பிசகினால் மாடு உரசியதும் பொலபொலவென்று கொட்டிவிடும். அவர் ஒவ்வொரு கல்லையும் கையில் எடுத்து, தலையைச் சரித்து, பேசாமல் வெகுநேரம் பார்ப்பார். அந்தப் பார்வைக்காகத்தான் முப்பத்தெட்டாம் ஆண்டு நான் அவரை என் நாடகத்தில் துப்பறிவாளர் ஆக்கினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நான் அப்போது கோயில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், ஊர் வழக்கில் சட்டம்பி. கோயில் பெருநாளுக்கு ஒரு நாடகம் எழுதினேன். நகை களவு போகிறது, துப்பறிவாளர் வருகிறார். அவர் எப்படிக் கண்டுபிடிப்பார் என்று யோசித்து யோசித்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை. சோம்பல்தான், வேறென்ன? கடைசியில் அவருக்கு அபூர்வமான கண்ணொன்றைக் கொடுத்துவிட்டேன். ஆட்களை வரிசையில் நிறுத்துவார், முகம் முகமாகப் பார்ப்பார், ஒருவரிடம் நின்றுவிடுவார். அவன்தான் கள்ளன். சாட்சி, தடயம், விசாரணை ஒரு மண்ணும் கிடையாது. சனம் கைதட்டி ஓயவில்லை. அடுத்த வருடமும் அதையே கேட்டார்கள், போட்டோம்.

அந்த ஆவணியில் மேரிஜோசப்பினின் தங்கச் சங்கிலி காணாமற் போனது. பட்டி பட்டியாக மாடு வைத்திருந்த வீடு அவளுடையது. ஊர் அதிகாரி விதானையாரிடம் முறையிடப் போகாமல் நேரே பஸ்ரியாம்பிள்ளையைக் கூட்டிவர ஆள் அனுப்பினாள். மனுசன் என்னிடம் ஓடி வந்தார்.

"நான் மதில் கட்டிறவன். நீங்களாவது சொல்லுங்கோ, சட்டம்பியார்."

"சும்மா போய்ப் பார்த்திட்டு வாரும். பார்க்கிறதாலை என்ன குறையப் போகுது?" என்று சிரித்தேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பெருமை பிடித்து நானும் கூடவே போனேன். முற்றத்தில் வேலையாட்கள் ஆறு பேரை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஐந்தாவதாகக் கத்தரீனா நின்றாள். அந்த வீட்டுக் குசினியில் சமையல் வேலை செய்த விதவை. மகள் கிறேசம்மாவுக்குக் கலியாணம் பேசி, கோயிலில் இரண்டு ஞாயிறு கலியாண அறிவிப்பு ஓலை வாசித்தாயிற்று; மூன்று முறை வாசித்தால்தான் கலியாணம். மூன்றாவது ஓலைக்கு மூன்று நாள்தான் இருந்தது.

பஸ்ரியாம்பிள்ளை நான்கு பேரையும் கடந்து கத்தரீனாவிடம் வந்தார். அவள் உதடு காய்ந்திருந்தது, உடம்பு நடுங்கியது. அவர் தலையைச் சரித்துப் பார்த்தார். அவ்வளவுதான். விரலைக்கூட உயர்த்தவில்லை.

"பிடிச்சிட்டார்," என்றது ஒரு குரல்.

"இல்லை, அவவுக்குக் காய்ச்சல்..." என்று அவர் தொடங்கியதை யார் கேட்டார்கள்? அந்தக் கண் நான் கட்டிவிட்ட பொய் என்று நானாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை, பாவி.

கத்தரீனாவின் வீட்டைக் கிண்டினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. ஒளித்துவிட்டாள் என்றார்கள். கள்ளி வீட்டில் சம்பந்தம் வேண்டாமென்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பினார்கள். ஞாயிறு பூசையில் மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை. கிறேசம்மா முக்காட்டுக்குள் குனிந்தபடியே இருந்தாள்.

அடுத்த கிழமை தாயும் மகளும் ஊர்காவற்றுறைக்கு வள்ளம் ஏறினார்கள். பஸ்ரியாம்பிள்ளை கரையில் போய் நின்றார்.

"அண்ணை, என்ரை முகத்திலை என்னத்தைக் கண்டனீங்கள்?" என்று கத்தரீனா கேட்டாள்.

அவர் தோளில் கிடந்த சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டார். வள்ளம் போய்விட்டது. அவர்கள் பிறகு திரும்பவேயில்லை.

மறு வருடம் ஆடியில் மேரிஜோசப்பினின் வளவுக் கிணறு இறைத்தார்கள். சேற்றோடு சங்கிலி வந்தது, கொளுக்கி அறுந்தபடி. அவள் தினமும் குளிக்கிற கிணறு. இனியாவது சனத்துக்கு விளங்கும் என்று நம்பிக்கொண்டு போனேன்.

"கத்தரீனா தண்ணி அள்ளின கிணறெல்லோ? பயத்திலை போட்டிருப்பாள்," என்றார்கள். "பஸ்ரியாம்பிள்ளையின்ரை கண் பிழை விடுமே?" அதே வாயால் பெருநாளுக்கு நாடகத்தைத் திரும்பவும் போடச் சொன்னார்கள்.

அவரிடம் போனேன். மதில் கட்டிக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் கல்லைப் பார்ப்பதில்லை. கையால் தடவி வைத்துவிடுகிறார். அவர் கட்டிய மதில் இரண்டு போன மாரி மழைக்கே சரிந்திருந்தன. சங்கிலி அகப்பட்டதையும் சனம் சொன்னதையும் நாடகம் கேட்பதையும் சொன்னேன்.

அவர் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தார்.

"அதிலை 'எனக்குத் தெரியாது' எண்டு ஒரு வசனம் எழுதியிருந்தா, சட்டம்பியார், நான் பாடமாக்கியிருப்பன். அண்டைக்கு அந்த முற்றத்திலை வாயிலை வந்திருக்கும்."

வீட்டுக்கு வந்ததும் நாடகக் கொப்பியை அடுப்பில் போட்டேன். பெருநாளுக்குச் சனம் தங்களுக்குப் பாடமாயிருந்ததை வைத்தே நாடகத்தைப் போட்டது. பஸ்ரியாம்பிள்ளையின் இடத்தில் வேறொருவர் நின்றார். கைதட்டல் குறையவில்லை.