திமிர்பிடித்தவன் என்ற பெயர்

பெருங்களத்தூர் அபார்ட்மெண்டில் செக்யூரிட்டி வேலையை விட்டுவிட்டு, ஜி.எஸ்.டி. ரோட்டில் தாம்பரம் நோக்கி நடந்துகொண்டிருந்தேன். அன்று காலை அபார்ட்மெண்ட் சங்கத்து செக்ரட்டரி என் இடப்பக்கம் நின்று மூன்று தடவை கூப்பிட்டாராம், எனக்குக் கேட்கவில்லை. "என்னய்யா, திமிரா?" என்றார். அம்மாவும் இதையேதான் கேட்பாள்.

வழியில் ஒரு மைதானத்தில் அன்றைய கச்சேரிக்கு டிரம்ஸ் அடித்துப் பார்த்தார்கள். சத்தம் நெஞ்சில் இடித்தது. பதினேழு வயதிலும் இப்படித்தான் இடித்தது. நானும் கூடப் படித்த பிரபுவும் டிக்கெட் இல்லாமல், ஸ்பீக்கர் பெட்டி தூக்குகிறவர்களோடு சேர்ந்து ஒரு ராக் கச்சேரிக்குள் நுழைந்துவிட்டோம். சாயங்காலம் முழுக்க அந்தப் பெட்டியை ஒட்டியே நின்றோம். "மச்சான், காது கிழியுது, செம்மையா கீது!" என்று கத்தினான்.

எனக்கு நிஜமாகவே கிழிந்தது. இடது காது அன்றோடு போனது. சொன்னால் கச்சேரிக்குப் போனது தெரிந்துவிடும் என்று வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. செம்பாக்கத்து வீட்டில் தோசை ஊற்றிக்கொண்டே அம்மா ஏதாவது கேட்பாள், நான் திரும்பமாட்டேன். திமிர்பிடித்தவன் என்றாள். வாத்தியாரும் அதையே சொன்னார். படிப்பு பிளஸ் ஒன்னோடு நின்றது. சாகும்வரை அம்மா அப்படியே நினைத்திருந்தாள்.

மறுநாள் காலை அதே மைதானத்தில் மேடை பிரிக்கும் வேலைக்குப் போனேன். மேஸ்திரி என் இடப்பக்கம் நின்று வாயசைத்தார்.

"அண்ணா, இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க. அந்தக் காது கேக்காது."

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று வலப்பக்கம் வந்து, ஸ்பீக்கர் பெட்டிகளைக் காட்டினார்.