காவடி நாளில் கொடுத்த சாவி

இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். திருடியவன் என் மனைவியின் தம்பி.

நாங்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்தை முதலாளி விற்றபின் ஈப்போ நகரத்துக்கு வேலைக்குப் போக எனக்கிருந்தது அந்த மோட்டார் சைக்கிள் ஒன்றுதான். சங்கிலி சுற்றி இரண்டு பூட்டுப் போடுவேன். தைப்பூசத்தன்று காவடி எடுக்க வேட்டியோடு நின்றதால் சாவிகளை அவனிடம் கொடுத்தேன். முருகனைக் கும்பிட்டுத் திரும்பினால் வண்டி இல்லை. பூட்டுகள் உடையாமல் திறந்து கிடந்தன.

“சாவி எங்கடா?”

“கூட்டத்துல விழுந்துருச்சு மச்சான். உங்க முருகன் பார்த்துக்குவாருலா!” என்று சிரித்தான்.

அவன் வண்டியை ஈப்போவுக்குப் பக்கத்துச் சிம்பாங் பூலாயில் விற்றான் என்று, அதை வாங்கியவரே பிறகு என்னிடம் சொன்னார்.

இப்போது காவடி எடுப்பவர்களின் பொருட்களைக் கோயிலில் வாங்கி வைப்பவன் அவன்தான். அதனால் இதைக் கூட்டாமல் குறைக்காமல் நாலு பேருக்குச் சொல்லுங்கள். அவனை மட்டும் நல்லவனாக்கிவிடாதீர்கள்.