மதில் குடித்த தண்ணீர்

வெயிலில் காய்ந்த செங்கட்டியைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தால் அது "கிர்ர்" என்று மூச்சு விடும். சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாக மேலே வந்து உடையும். உடையும்போது புதுமழை விழுந்த புழுதியின் வாசம் ஒன்று எழும்பும். பலருக்குப் பிடித்த வாசம் அது. எனக்குப் பிடிக்காது. இன்றைக்கும் வீடு கட்டுகிற இடம் எதையாவது கடந்து போகையில் அந்தச் சத்தம் காதில் விழுந்தால் என் கால்கள் தாமாகவே விரைகின்றன. குடத்தை எடுத்துக்கொண்டு ஓடவேண்டும் போலவும், எங்கோ ஒரு வரிசையில் என் இடம் பறிபோய்விட்டது போலவும் ஒரு பதற்றம் வந்து நெஞ்சில் குந்திவிடுகிறது.

எங்கள் வீடு யாழ்ப்பாணத்துத் தீவொன்றில், சுருவிலில் இருக்கிறது. தீவில் எந்தப் பக்கம் தோண்டினாலும் தண்ணீர் வரும், ஆனால் வாயில் வைக்கிற தண்ணீராக வராது. எங்கள் வளவுக் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது, தலை முழுகினால் மயிர் தென்னந்தும்பாக நிற்கும், தேத்தண்ணீர் போட்டால் குடிக்கிறவர் முகத்தைப் பார்த்தே கிணற்றைச் சொல்லிவிடலாம். குடிக்கவும் சமைக்கவும் மணல்வெளிக்கு அப்பால் இருந்த "நல்லதண்ணிக் கிணத்து"க்குத்தான் எல்லோரும் போகவேண்டும். கோடையில் அந்தக் கிணறும் களைத்துவிடும். ஒருத்தி உள்ளே இறங்கி, ஊற்று ஊறும்வரை காத்திருந்து, சிரட்டையால் கோலிக் கோலிக் குடத்தில் விடுவாள். மற்றவர்கள் மேலே குடங்களை வரிசையாக வைத்துவிட்டு நிற்பார்கள். அந்தக் கிணற்றுக்குச் சட்டம் எழுதி வைத்தவர் ஒருவரும் இல்லை, ஆனாலும் சட்டம் இருந்தது. "இது வாய்க்கு மட்டும்" என்பது முதலாவது. தண்ணீர் எடுக்க வருகிறவளிடம் "வீட்டில எத்தினை பேர்?" என்று கேட்டு, ஆளுக்கு அளவாகத்தான் விடுவார்கள் என்பது அடுத்தது. யாருடைய வீட்டுக்காவது வெளியூரிலிருந்து ஆட்கள் வந்திருந்தால் அந்த வீட்டுக்காரி வரிசையில் நிற்கத் தேவையில்லை, கூடுதலாகவும் எடுக்கலாம். வந்தவர்கள் தாகத்தோடு திரும்பிப் போனால் ஊருக்கே வெட்கம் என்று நினைத்தார்கள்.

சண்டை கொஞ்சம் ஓய்ந்து, இடம்பெயர்ந்து போயிருந்த நாங்கள் ஊருக்குத் திரும்பி வந்தபோது எனக்குப் பதினொரு வயதிருக்கும். அப்பாவுக்குத் தெற்கே ஒரு பட்டினத்தில் சின்னக் கடை. அம்மாவையும் என்னையும் தம்பியையும் ஊரில் விட்டுவிட்டு அவர் கடைக்குப் போய்விடுவார்; வருஷத்தில் சில தடவை வருவார். கல்யாணமான புதிதில், கடையில் கண்ட முதல் இலாபத்தில், அவர் தெற்கிலிருந்து செங்கட்டி இறக்கி வீட்டைச் சுற்றி மதில் கட்டியிருந்தாராம். சுற்றுவட்டாரம் எல்லாம் வேலியும் கடலில் எடுத்த முருகைக்கல்லுமாக இருக்க, எங்கள் வீடு மட்டும் சிவப்பாக நின்றதாம். நாங்கள் திரும்பி வந்து பார்த்தபோது வாசல் படலைக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் மதில் பாறி விழுந்து, மாடுகள் தங்கள் வீடுபோல உள்ளே படுத்திருந்தன. கட்டிகள் எங்கே போயின என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கக்கூடிய காலமாகவும் அது இருக்கவில்லை.

அடுத்த கோடையில், சோளகக் காற்று வீசுகிற காலத்தில், அப்பா வந்து இறங்கினார். பின்னாலேயே ஒரு லொறி செங்கட்டியும் வந்து இறங்கியது. அந்த ஒழுங்கையில் பாதி வீடுகளுக்கு அப்போது கதவும் இல்லை யன்னலும் இல்லை. ஆள் இல்லை என்று கண்டவுடன் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அப்பாவுக்கு அந்தப் பயம்.

"மதில் இல்லாத வீடு ஆளில்லாத வீடு. நீரும் பிள்ளையளும் இஞ்ச தனிய இருக்கிறியள். நான் அங்க படுத்து நித்திரை கொள்ள வேண்டாமே?" என்றார் அம்மாவிடம்.

"மாரி வரட்டும். குளம் நிரம்பினாப் பிறகு கட்டலாம்."

"மாரிக்கு எனக்கு வர ஏலாது. கடையை ஆர் பாக்கிறது?"

அப்பா எப்போதுமே அவசரக்காரர். இருந்த இடத்தில் இருக்கமாட்டார், கதிரையில் உட்கார்ந்தாலும் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். விரலை மடக்கி மடக்கிச் செலவுக் கணக்குச் சொன்னார்: கட்டிக்கு இவ்வளவு, லொறிக்கு இவ்வளவு, சீமெந்துக்கு, மணலுக்கு, மேசனுக்கு, மேசன் குடிக்கப்போகிற தேத்தண்ணீருக்கு. கடைக்காரர் அல்லவா, சீனி வரைக்கும் கணக்கில் வந்தது. தண்ணீர் வரவில்லை. முதல் மதிலை அவர் மாரியில், குளம் முட்டி நின்றபோது கட்டியவர். தண்ணீருக்கு ஒரு விலை இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

இராசு மேசன் வந்து கட்டிக் குவியலைச் சுற்றிப் பார்த்தார். அவருக்கு எந்தப் பதிலும் இரண்டு பக்கமும் சாயும். "வீட்டுக் கிணத்துத் தண்ணில குழைச்சாலும் மதில் நிக்கும் அண்ணை. ஆனால் உப்புப் பூக்கும், பிறகு உதிரும். எனக்கென்ன, நான் கட்டிப்போட்டுப் போயிடுவன், நீங்கள்தான் இருக்கப்போறியள்" என்றுவிட்டுத் தேத்தண்ணீர் வந்துவிட்டதா என்று குசினிப் பக்கம் பார்த்தார்.

"நல்ல தண்ணியிலயே கட்டுவம்" என்றார் அப்பா. கிணறு ஏதோ குசினிக்குப் பின்னால் இருப்பதுபோலச் சொன்னார். நல்ல தண்ணீர் என்றால் அது அம்மாவின் இடுப்பும் என் தலையும் என்பது அவருக்கு உறைக்கவில்லை.

செங்கட்டி தண்ணீர் குடிக்கும் என்பதை நான் அப்போதுதான் கண்டேன். கட்ட முதல் ஒவ்வொரு கட்டியையும் ஊறவிட வேண்டும். கலவைக்குத் தண்ணீர் வேண்டும். கட்டி முடித்த பிறகும் காலையும் மாலையும் மதிலை நனைக்கவேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும். அதுவும் சோளகக் காற்று, பகலில்லை இரவில்லை என்று வீசுகிற காற்று. ஊற்றிய தண்ணீர் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே காய்ந்தது. யானையைக் கட்டித் தீனி போட்டமாதிரித்தான். "சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம்" என்று அம்மா முணுமுணுத்துக்கொண்டு குடத்தை இடுப்பில் ஏற்றுவா. நான் பின்னால் ஓடுவேன். அந்த மதில்மேல் எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. அதற்கு வாய் இருந்தால் அடித்திருப்பேன்.

எத்தனை தடவை நடந்தாலும் நான்கு பேருக்கு அளந்த தண்ணீரில் மதில் கட்ட முடியாது. இரண்டாம் நாளே கிணற்றடியில் ஒருத்தி கேட்டுவிட்டாள், "என்ன, திரும்பவும் வாறாய்? வீட்டில ஆக்களோ?"

அம்மா குடத்தின் வாயைப் பார்த்துக்கொண்டு, "ஓம், கொழும்பில இருந்து மச்சாள் குடும்பம் வந்திருக்கினம்" என்றா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் மற்றவர்களுடைய முகங்கள் மலர்ந்துவிட்டன. அந்த நாளில் கொழும்பிலிருந்து ஒருவர் தீவுக்கு வருவது என்றால் பெரிய விஷயம். "வழி விடுங்கோடி, அவளின்ரை வீட்டில ஆக்கள்" என்று குடங்களைத் தள்ளி வைத்தார்கள். அம்மாவின் குடம் நிறைந்தது, என் குடமும் நிறைந்தது. வீட்டுக்கு வந்து அவ்வளவையும் கட்டி ஊறப்போட்ட பீப்பாவில் ஊற்ற, செங்கட்டிகள் "கிர்ர்" என்று குடித்தன.

அதற்குப் பிறகு கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். மச்சாளுக்கு எத்தனை பிள்ளைகள், தீவுச் சாப்பாடு ஒத்துக்கொண்டதா, எப்போது திரும்புகிறார்கள் என்று கேள்விகள் வந்தன. அம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னா. ஒருத்தி முருங்கையிலை தந்துவிட்டாள். இன்னொருத்தி கொழும்புப் பிள்ளைகளுக்கு என்று பனங்கிழங்கில் இடித்த ஒடியல்மா தந்தாள். அம்மாவுக்கு இரவில் நித்திரை போய்விட்டது. படலைக்கு இடப்பக்கம் மதில் எழும்பி முடிந்து அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதன் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அம்மா யாராவது வந்துவிடுவார்களோ என்று ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தா.

வந்தது திரேசக்கா. பக்கத்து வளவு. மனிசன் கடலுக்குப் போகிறவர். அப்பா இல்லாத மாதங்களில் எனக்குக் காய்ச்சல் என்றால் அம்மா வேலியால் எட்டிக் கூப்பிடுகிற ஆள் திரேசக்காதான். அன்றைக்கு மத்தியானம், இன்னும் கட்டாத வலப்பக்க இடைவெளியால், மூடிய சட்டி ஒன்றைத் துணியால் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தா.

"எங்க கொழும்பாக்கள்? நண்டுக்கறி கொண்டந்தனான், சூடு ஆற முதல் குடு."

அம்மா வாளியும் கையுமாக மதிலை நனைத்துக்கொண்டு நின்றா. தண்ணீர் எடுக்க அம்மா சொன்ன பொய் அப்பாவுக்குத் தெரியாது. கதிரையில் இருந்தபடியே சிரித்துக்கொண்டு, "ஆர் கொழும்பாக்கள்? இஞ்ச ஒருத்தரும் இல்லையே!" என்றார்.

திரேசக்கா அம்மாவைப் பார்த்தா, ஈரமாய் நின்ற மதிலைப் பார்த்தா, பீப்பாவைப் பார்த்தா. மெல்ல நடந்து போய் அதற்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தா.

"நல்ல தண்ணி" என்றா. பிறகு சட்டியை மதில்மேல் வைத்துவிட்டு, "அப்ப இதையும் மதிலுக்கே குடு" என்றுவிட்டு, வந்த வழியே போய்விட்டா.

அப்பாவுக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கியும், "ஒரு குடம் தண்ணிக்கு இவ்வளவு கோபமோ?" என்று சொல்லிவிட்டு நண்டுக் காலை உடைத்தார். அம்மா சாப்பிடவில்லை. எனக்கு அவமானமாகவும் இருந்தது, பசியாகவும் இருந்தது; நான் சாப்பிட்டேன்.

அடுத்தநாள் கிணற்றடியில் யாரும் அம்மாவை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கதைத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். அம்மாவின் முறை வந்தபோது உள்ளே நின்றவள் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள், "வீட்டில எத்தினை பேர்?" எங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று அவளுக்கு நான் பிறந்த நாளிலிருந்தே தெரியும்.

"நாலு பேர்" என்றா அம்மா. உள்ளே நின்றவளுக்குக் கேட்கவில்லை, திரும்பவும் சொல்லவேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கியவுடனேயே அம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டா, "இனி இந்த மதிலுக்கு ஒரு சொட்டு நல்ல தண்ணி வராது."

"அரைவாசியில விட ஏலுமே? மற்றப் பக்கத்தை உப்புத் தண்ணில கட்டினால் உதிரும்."

"உதிரட்டும். மதில் விழுந்தால் மேசனைக் கூப்பிடலாம். இந்தப் பொம்பிளையள் என்னோட கதையாமல் விட்டால் நான் ஆரைக் கூப்பிடுறது? நீங்கள் கடைக்குப் போயிடுவியள்."

அப்பாவின் கால் ஆடுவது நின்றது.

ஒருவர் தந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. ஒரு பிடி அரிசியோ இரண்டு மிளகாயோ வைத்துத்தான் கொடுப்போம். அம்மா கறிச்சட்டியைச் சாம்பல் போட்டு மினுக்கி, அன்றைக்கு எங்களுக்கென்று கிடைத்த நல்ல தண்ணீரைக் குடத்திலிருந்து சட்டி முட்ட ஊற்றி, பட்டப்பகலில், எல்லோரும் காண ஒழுங்கையால் கொண்டுபோனா. நானும் கூடப் போனேன். திரேசக்கா வாசலில் நின்று சட்டியை வாங்கினா, உள்ளே பார்த்தா. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நாளைக்கு வெள்ளனப் பாத்து வா. பிந்தினால் கலங்கல்தான் கிடைக்கும்" என்றா திரேசக்கா. அம்மா வீட்டுக்கு வந்து, முந்தினநாள் மத்தியானத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சாப்பிட்டா.

வலப்பக்க மதிலை வளவுக் கிணற்றுத் தண்ணீரில் இராசு மேசன் கட்டி முடித்தார். அன்றைக்குப் பார்த்தவர்களுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். இரண்டு மாரி கழியமுன் வலப்பக்கம் வெள்ளையாக உப்புப் பூத்தது. பிறகு கட்டிகள் சிவப்பு மாவாக உதிரத் தொடங்கின. அப்பா வரும்போதெல்லாம் அதைப் பார்த்து உச்சுக்கொட்டுவார். அம்மா காலையில் அந்தச் சிவப்பு மாவைக் கூட்டி அள்ளுவா, ஒரு நாளும் முறைப்பட்டது கிடையாது.

அப்பா இப்போது இல்லை. அம்மா என்னோடு யாழ்ப்பாணத்தில் இருக்கிறா. தம்பி வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில், ஒன்றில் விற்போம், இல்லாவிட்டால் மதிலையாவது திருத்துவோம் என்று நச்சரித்துக்கொண்டிருக்க, போன மாதம் நானும் அம்மாவும் ஊருக்குப் போனோம். இடப்பக்கம் அப்படியே நிற்கிறது. வலப்பக்கத்தைக் கையால் தள்ளினால் விழுந்துவிடும். பார்க்க வந்த மேசன் சின்னப் பெடியன். திருத்துகிற செலவில் புதிதாகவே கட்டலாம் என்றான். அவன் சொன்ன தொகை எனக்கு எரிச்சல் மூட்டியது. என்றாலும் வலப்பக்கத்தை இடித்துக் கட்டச் சொல்லிவிட்டேன்.

ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது. நல்ல தண்ணீர்தான், நான் குடித்தும் பார்த்தேன். நல்லதண்ணிக் கிணற்றுக்குப் போகும் பாதையை நாயுண்ணிப் பற்றை மூடிக் கிடக்கிறது. திரேசக்கா பிள்ளைகளோடு பிரான்சுக்குப் போய் வருஷக்கணக்காகிறது. வேலை தொடங்கிய அன்று அந்தப் பெடியன் பீப்பாவுக்குள் குழாயைத் திறந்துவிட்டு, தொலைபேசியில் கதைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டான். கட்டிகள் "கிர்ர்" என்றன. பீப்பா நிரம்பி, தண்ணீர் முற்றத்தில் ஓடியது.

"தம்பி, பைப்பைப் பூட்டும்! ஆரும் கண்டால்..." என்று கத்திய அம்மா, பக்கத்து வளவுப் பக்கம் திரும்பிப் பார்த்தா. அங்கே கதவும் இல்லை, யன்னலும் இல்லை.

"குழாய்த் தண்ணிதானே அம்மா, நிக்காமல் வரும்" என்றான் அவன்.

அம்மா என்னைப் பார்த்துத்தான் கேட்டா, "இந்த வீட்டில இப்ப எத்தினை பேர், பிள்ளை?"

நான் போய்க் குழாயைப் பூட்டினேன்.