கோப்பையில் பாதியைக் கொட்டியவன்

சாஆ ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நானும் என் தங்கை புருஷனும் சேர்ந்து பால் வெட்டினோம். அவர் இருமினால் லயத்து வீடுகளெல்லாம் எழுந்துகொள்ளும். "மாப்ள நெஞ்சுல சளி குடியேறிருச்சு, காலி பண்ண மாட்டேங்குது" என்று கேலி பேசியவன் நான்தான். சளியில் நாற்றம் வந்து, விரல் நுனிகள் உருண்டு பருத்தபோது கேலி நின்றது. பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், துணைக்கும் நானே இருந்தேன்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். குரல்வளை வழியாக ஏதோ எண்ணெயை விட்டு எக்ஸ்ரே படம் பிடித்தார். "இது சயரோகம் இல்லை. மூச்சுக்குழாய் விரிஞ்சு பை மாதிரிப் போச்சுது. சளி அதுக்குள்ள தேங்கி அழுகுது. நல்லகாலம், இடப்பக்கம் அடியில மட்டும்தான்."

கட்டிலின் கால்மாட்டைச் செங்கல் வைத்து உயர்த்தி, தலை தாழக் குப்புறப் படுக்கவைத்து முதுகைத் தட்டவேண்டும். வரும் சளியையெல்லாம் கண்ணாடிக் கோப்பையில் பிடித்து டாக்டருக்குக் காட்டவேண்டும். அந்த வேலை எனக்கு.

"ஒரு மாசம் பாப்பம். கோப்பையில சளி குறையேல்லையெண்டால் சிங்கப்பூருக்கு அனுப்பி அந்தத் துண்டை வெட்டியெடுக்கவேணும். ஒப்பரேசன் மேசையிலயே செத்துப்போறவையும் இருக்கினம், மறைக்க மாட்டன்."

பார்க்க வந்திருந்த தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நெஞ்ச அறுக்க அவரு என்னா ஆடாண்ணே? நீதான் ஏதாச்சும் பண்ணணும்."

மறுநாளிலிருந்து, டாக்டர் வருவதற்கு முன் கோப்பையில் பாதியைக் கக்கூஸில் கொட்டினேன். மாப்பிள்ளைக்கும் அது தெரியும். "இன்னுங் கொஞ்சம் ஊத்து மச்சான், டாக்டர் சந்தோசப்படட்டும்" என்று கண்ணடிப்பார். டாக்டர் சந்தோஷப்படத்தான் செய்தார். மாதக் கடைசியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

மழைக்காலம் முடிவதற்குள் மாப்பிள்ளைக்கு விடாத காய்ச்சல். இருமினால் ரத்தம். மறுபடி அதே ஆஸ்பத்திரி, மறுபடி எண்ணெய், படம். டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வலப்பக்கமும் பரவிட்டுது. இனி வெட்டேலாது. ரெண்டு பக்கமும் வெட்டினால் மூச்சுவிட என்ன மிஞ்சும்?" என்றவர் என்னைப் பார்த்தார். "போனமுறை கோப்பை நல்லாக் குறைஞ்சதுதானே?"

"ஆமாங்க" என்றேன். இத்தனை பேச்சுப் பேசுகிறவனுக்கு அன்றைக்கு வாயில் வந்தது அந்த ஒரு சொல்தான்.

வெளியே வராந்தாவில் தங்கை நின்றிருந்தாள். "டாக்டர் என்னாண்ணே சொன்னாரு?"

"வெட்ட வேணாமாம்மா."

அவள் இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பினாள். "அவருகிட்ட நானே சொல்றேன்" என்று சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வார்டுக்குள் ஓடினாள்.